பட்டறைப் பதில்கள்: ஸ்டீயரிங்கில் ஒரு ‘டொக்’

பெங்களூரில் மழை ஓய்ந்து, அதுவரை தண்ணீருக்குள் ஒளிந்திருந்த குழிகள் எல்லாம் முகம் காட்டுகிற மாதம் இது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டீயரிங் பற்றியே இருக்கின்றன. அதனால் பேட்டரி, மைலேஜ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரி ஐயா, என்னிடம் இருப்பது 2004 மாருதி எஸ்டீம், பவர் ஸ்டீயரிங். அப்பா வாங்கிய வண்டி, 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஹம்ப்பில் (வேகத்தடையில்) இறங்கும்போது காலடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டினாலும் கேட்கிறது. ஒரு பட்டறையில் ரேக் போய்விட்டது என்றார்கள். இன்னொரு இடத்தில் முன்பக்க சஸ்பென்ஷனையே மாற்றச் சொன்னார்கள். பொங்கலுக்குச் சேலம் போக வேண்டும். எதை நம்புவது?
– ராமமூர்த்தி நகர் வாசகர்

ரேக்கை, அதாவது முன்சக்கரங்களை இடமும் வலமும் திருப்பும் பல்வைத்த கம்பியை, மாற்றச் சொன்னவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சத்தம் காலடியில் கேட்கிறது, வண்டி நிற்கும்போதும் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் ஸ்டீயரிங் ஷாஃப்ட் மேல்தான். அதிலும் அதன் கிராஸ் மேல்.

ஸ்டீயரிங்கிலிருந்து ரேக் வரை ஒரே நேர்க்கம்பி கிடையாது. மேலே டேஷ்போர்டுக்குள் ஒரு தண்டு வருகிறது. ரேக்கைத் தள்ளும் பல்சக்கரமான பினியன் வேறொரு சாய்வில், இன்ஜின் பக்கம் கீழே இருக்கிறது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட். அதன் முனைகளில் யுனிவர்சல் ஜாயின்ட். ஜாயின்ட்டுக்குள் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு இரும்பு இருக்கும், அதைத்தான் நாங்கள் கிராஸ் என்கிறோம். அதன் நான்கு கைகளிலும் சின்னக் கிண்ணம் போன்ற கப், கப்புக்குள் ஊசி ஊசியாக பேரிங். லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கிறதே, அதன் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் கிரீஸ் அடிக்க நிப்பிள் உண்டு. காரின் இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் அது கிடையாது. கம்பெனியில் வைத்த கிரீஸோடு காலம் தள்ள வேண்டியதுதான். ஷாஃப்ட் தரையைத் துளைத்துப் போகும் இடத்தில் உள்ள ரப்பர் பூட் கிழிந்தால் மழைத் தண்ணீர் நேராகக் கீழ் ஜாயின்ட்டுக்கு வரும். கழற்றிப் பார்த்தால் கப்புக்குள் கிரீஸ் இருக்காது, செம்மண் மாதிரி துருப் பொடிதான் இருக்கும். ஊசிகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், இரண்டு பேர் வேண்டும். வண்டி சமதரையில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை ஒரு நிலை திருப்பி வையுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் இரண்டு விரல் அகலத்துக்கு மெதுவாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் பெடல்களுக்கு மேல் டார்ச் அடித்து ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். கிராஸுக்கு மேலே அதைப் பிடித்திருக்கும் இரட்டைக் கை, அதாவது கவட்டை, அசைகிறது, கீழே உள்ளது ஒரு நொடி யோசித்துவிட்டு அப்புறம் அசைகிறது என்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஜாயின்ட் மேல் விரலை வையுங்கள், ‘டொக்’ விரலிலேயே தெரியும். வெறும் சின்ன ஆட்டம்தான், ஆனாலும் விரலைக் கவட்டைக்குள் விட வேண்டாம். மேலும் கீழும் ஒன்றாகவே அசைந்து, சத்தம் மட்டும் தள்ளியிருந்து வந்தால் அடுத்தது பானெட்டைத் திறந்து ரேக் பூட், டை ராடு (ரேக்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் கம்பி) எண்ட், அதற்கப்புறம் பால் ஜாயின்ட். இந்த வரிசை மாறக் கூடாது. விலை குறைந்ததிலிருந்துதான் சந்தேகப்பட வேண்டும். பல பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது, அதற்கு மேல் நான் சொன்னால் வம்பு.

ஒரு விஷயம். ஸ்டீயரிங் விளிம்பில் கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாது என்று நினைக்காதீர்கள். மாருதி கையேடுகளிலேயே 30 மில்லிமீட்டர் வரை பிளே சரி என்றுதான் இருக்கும். பிளே இருக்கலாம், சத்தம் இருக்கக் கூடாது.

கிராஸ் இன்னொரு மாதிரியும் கெடும். தேய்வதற்குப் பதில் துருப்பிடித்து இறுகிவிடும். அப்போது சத்தமே வராது. ஸ்டீயரிங் ஒரு இடத்தில் கனக்கும், கால் சுற்று போனால் லேசாகும், இன்னொரு கால் சுற்றில் மறுபடி கனக்கும். வளைவில் திரும்பியபின் கையை விட்டால் தானாக நேரே வராமல் அப்படியே நிற்கும். பவர் ஸ்டீயரிங் பம்ப் போய்விட்டது என்று பம்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். பம்ப் கெட்டால் எல்லா இடத்திலும் கனக்கும். சுற்றுக்கு இரண்டு முறை கனத்தால் அது கிராஸ்.

சரி, மாற்றுவது எப்படி? வேலை ஒரு மணி நேரம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள்.

முதலில் சக்கரங்களை நேராக வைக்க வேண்டும். ஸ்டீயரிங் சுற்றாதபடி சீட் பெல்ட்டை அதன் கம்பிகளுக்குள் விட்டு இழுத்து மாட்ட வேண்டும். அப்புறம் வெள்ளை பெயின்ட். மேல் தண்டிலும் கவட்டையிலும் ஒரே கோடு, கீழே பினியனிலும் கவட்டையிலும் இன்னொரு கோடு. பெயின்ட் இல்லாவிட்டால் பென்சிலால் கிழிக்கட்டும், ‘ஞாபகம் இருக்கும் சார்’ என்று சொன்னால் மட்டும் விடாதீர்கள். பிறகு 12-ம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு போல்ட்டுகளையும் முழுதாகக் கழற்ற வேண்டும். தளர்த்தினால் போதாது. தண்டின் முனையைச் சுற்றி நெடுக்காக வெட்டிய ஸ்ப்லைன் பற்களுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அதற்குள் படுத்திருக்கும். போல்ட் பாதி உள்ளே இருக்கும்போது இழுத்தால் யானை இழுத்தாலும் வராது. உடனே சுத்தியலை எடுப்பார்கள்.

அங்கேதான் குறுக்கே பாய வேண்டும். இந்தக் காலத்து ஸ்டீயரிங் தண்டுகள் விபத்தில் டிரைவரின் நெஞ்சில் ஈட்டி மாதிரி பாயாமல், ஒன்றுக்குள் ஒன்று சுருங்கும்படி செய்யப்பட்டவை. பல வண்டிகளில் அந்தச் சுருக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது சின்ன பிளாஸ்டிக் ஊசிகள்தான். மேலிருந்து நாலு அடி கொடுத்தால், விபத்தில் உடைய வேண்டியவை பட்டறையிலேயே உடைந்துவிடும். துருவேறிய ஸ்ப்லைனுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து, கவட்டையின் பிளவில் தட்டை ஸ்குரூ டிரைவரை லேசாக வைத்து விரித்தால் வந்துவிடும்.

புது ஷாஃப்டைப் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. போல்ட் கையாலேயே மறுபக்கம் போக வேண்டும். போகவில்லையென்றால் தண்டு சரியான ஆழத்தில் இல்லை, பள்ளம் நேருக்கு வரவில்லை என்று அர்த்தம். கையால் போகிறது என்பதற்காக முழுதாக நம்பவும் கூடாது. ஏன் என்றால் என் கதையைக் கேளுங்கள்.

1996-ல் அல்சூரில் ஒரு பட்டறையில் நான் ஹெல்பர். ஒரு மாருதி 800-க்கு ஷாஃப்ட் மாற்றும் வேலையை மேஸ்திரி முதல் தடவையாக என்னிடம் விட்டார். கீழ் ஜாயின்ட்டை மாட்டினேன், போல்ட் வெண்ணெய் மாதிரி போனது, இறுக்கினேன். தண்டு முழு ஆழத்துக்கு இறங்கவே இல்லை. போல்ட் பள்ளத்தில் உட்காராமல், தண்டின் முனையைத் தாண்டிய காலி இடத்தில் போயிருக்கிறது. நாலைந்து மில்லிமீட்டர் பல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஏரிப் பக்கம் ஒரு ஹம்ப்பில் கழன்றது. ஸ்டீயரிங் ராட்டினம் மாதிரி சுற்ற, வண்டி மெல்ல நகர்ந்து ஒரு கரும்பு ஜூஸ் வண்டியில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை, பத்து கிளாஸ் உடைந்தது. மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. பழைய ஜாயின்ட்டைக் கையில் கொடுத்து, ஒரு வாரத்துக்கு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியச் சொன்னார். பையே கிழிந்துவிட்டது.

அதனால் இப்போது என் பட்டறையில், போல்ட் போடுவதற்கு முன் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பள்ளம் தெரிகிறதா என்று இரண்டு பேர் பார்ப்போம். போல்ட் புதியது. டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரில்) 25 நியூட்டன் மீட்டர், மாருதியின் சின்ன வண்டிகளுக்கு இந்த அளவுதான் பழக்கம். இறுக்கியபின் போல்ட் தலையில் ஒரு பெயின்ட் கோடு. நூறு கிலோமீட்டர் ஓடியபின் கோடு நகர்ந்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பார்க்கலாம். ரப்பர் பூட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அதை விட்டால் அடுத்த மழைக்கு மறுபடி இதே கடிதம் எழுதுவீர்கள்.

ஷாஃப்ட் வாங்க ஜே.சி. ரோடு போங்கள். போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம், பல் எண்ணிக்கை, கவட்டை வாய் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பவர் ஸ்டீயரிங் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஷாஃப்ட் வேறாக இருக்கலாம். ‘எல்லாம் ஒண்ணுதான் குரு’ என்று கடைப் பையன் சொல்வான்.

சேலம் பயணம்? வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. இந்த ‘டொக்’கோடு அதில் இறங்க வேண்டாம். ஷாஃப்டை மாற்றி, ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அப்புறம் கிளம்புங்கள். அதுவரை பஸ் இருக்கிறது.

என் 1998 மாருதி 800-க்கும் அதே ஷாஃப்ட் பிரச்சினை. லேத்காரர் ஒருவர் கிராஸின் நான்கு பக்கமும் வெல்டிங் பொட்டு வைத்தால் புதிது மாதிரி ஆகிவிடும் என்கிறார். இல்லாவிட்டால் சிவாஜி நகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தையில்) பழையது கிடைக்கும் என்கிறார் நண்பர். எது மேல்?
– ஸ்ரீராமபுரம் வாசகர்

வெல்டிங்கை விட குஜிரி மேல். குஜிரியை விட புதியது மேல்.

வெல்டிங் பொட்டு வைத்தால் ஆட்டம் அன்றைக்கு நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் கப்புக்குள் மிச்சமிருந்த கிரீஸும் ரப்பர் சீலும் பொசுங்கிவிடும். பதம் ஏற்றிய இரும்பு பதம் இழக்கும். வெல்டிங்குக்கு ஒட்டிய ஓரத்தில்தான் இரும்பு முதலில் விரிசல் விடும். கேட் கம்பி என்றால் விரிசல் விட்டுத் தொங்கும், திரும்ப வைத்துக்கொள்ளலாம். இது விட்டால் என்ன ஆகும் என்று மேலே கரும்பு ஜூஸ் கதையில் சொல்லிவிட்டேன். பிரேக்குக்காவது கை பிரேக் என்று இரண்டாவது வழி உண்டு, ஸ்டீயரிங்குக்கு இரண்டாவது வழி கிடையாது. லேத்காரர் கை சுத்தமானவராகவே இருக்கலாம், அவர் மேல் குறை சொல்லவில்லை.

குஜிரியில் எடுப்பதானால் இரண்டு ஜாயின்ட்டையும் எல்லாத் திசையிலும் மடக்கிப் பாருங்கள். எங்கும் இடறாமல், தொளதொளவென்று விழாமல், ஒரே சீராக மடங்க வேண்டும். ஸ்ப்லைன் பல் கூர் மழுங்கியிருக்கக் கூடாது. முக்கியமாக, அது முன்பக்கம் அடிபட்ட வண்டியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். அடிபட்டதில் சுருங்கிய ஷாஃப்டை இழுத்து நீட்டி பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். உங்களுடையதோடு நீளத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டு துண்டாகக் கழலும் ஷாஃப்ட் என்றால் இன்னொரு தொல்லை. திரும்பச் சேர்க்கும்போது இரண்டு முனைக் கவட்டைகளும் கம்பெனி வைத்த அதே நிலையில் இருக்க வேண்டும். ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் சாய்ந்து சுற்றும்போது அந்தப் பக்கம் ஒரே வேகத்தில் சுற்றாது. 30 டிகிரி சாய்வு என்றால் ஒரு சுற்றுக்குள்ளேயே 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையில் ஏறி இறங்கும். இரண்டாவது ஜாயின்ட் அந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டும்படிதான் கவட்டைகளை நிறுத்தியிருப்பார்கள். மாற்றிச் சேர்த்தால் சரிக்கட்டுவதற்குப் பதில் இரட்டிப்பாகும். ஸ்டீயரிங் நொண்டி நொண்டிச் சுற்றும்.

ஷாஃப்ட் மாற்றியதும் ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அலைன்மென்ட் கடையில் நேராக்கிக் கொடுத்தார்கள். இப்போது நேராக இருக்கிறது, ஆனால் யு டர்ன் ஒரு பக்கம் ஒரே வீச்சில் வருகிறது, மறுபக்கம் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏன்?
– கே.ஆர். புரம் வாசகர்

முதல் தப்பை இரண்டாவது தப்பால் மூடியிருக்கிறார்கள்.

ஷாஃப்டை மாட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார். ஸ்ப்லைனில் 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி, பார்த்தாலே தெரியும் சாய்வு. சில வண்டிகளில் ஒரு பல்லை மட்டும் அகலமாக வைத்து, தப்பாகவே மாட்ட முடியாமல் செய்திருப்பார்கள். உங்களுடையது அந்த வகை இல்லை போலிருக்கிறது. அலைன்மென்ட் கடைக்காரர் என்ன செய்தார்? ஒரு பக்க டை ராடை நீட்டி, மறுபக்கத்தைச் சுருக்கி, சக்கரங்களை அந்தச் சாய்வுக்குத் தகுந்தாற்போல் திருப்பிவிட்டார். ஸ்டீயரிங் நேராகிவிட்டது. ஆனால் ரேக் நடுவில் இல்லை. ஒரு பக்கம் ஓட்டம் அதிகம், மறுபக்கம் குறைவு.

சோதிப்பது சுலபம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, மறுபக்கம் கடைசி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதியில் நிறுத்துங்கள். அதுதான் ரேக்கின் நடு. அங்கே ஸ்டீயரிங் சாய்ந்து நின்றால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. முதலில் ஷாஃப்டைக் கழற்றிச் சரியான பல்லில் மாட்ட வேண்டும். அடுத்து டை ராடு இரண்டிலும் வெளியே தெரியும் மரையை எண்ணி ஏறக்குறைய சமமாக்க வேண்டும். அதன்பிறகுதான் அலைன்மென்ட். அதற்கு இரண்டாம் முறை பணம் கேட்பார்கள். ஷாஃப்ட் மாட்டியவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நியாயமான ஆள் என்றால் தருவார்.

ஸ்டீயரிங் ஷாஃப்ட் வேலை முடிந்து வந்ததிலிருந்து ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஹாரனும் அடிக்கவில்லை. பட்டறையில் ‘அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை மேடம்’ என்கிறார்கள். உண்மையா?
– ஒயிட்ஃபீல்டு வாசகி

இல்லை அம்மா, நேர் சம்பந்தம். ஸ்டீயரிங்குக்கு அடியில் ரிப்பன் மாதிரி ஒரு கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள், ஸ்பைரல் கேபிள் என்று பெயர். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரன்ட் அதன் வழியாகத்தான் போகிறது. ஷாஃப்ட் கழன்றிருக்கும்போது ஸ்டீயரிங்குக்குத் தடை ஏது? யாரோ விளையாட்டாக நாலு சுற்று சுற்றியிருப்பார்கள், ரிப்பன் அறுந்திருக்கும். எங்கள் பட்டறையில் சீட் பெல்ட்டால் கட்டுவது இதற்காகத்தான்.

கேபிளை மாற்றியே ஆக வேண்டும், ஒட்டுப்போட முடியாது. விளக்கு எரிகிற வரை விபத்தில் ஏர்பேக் விரியும் என்று எண்ண வேண்டாம். மாற்றுகிறவர் முதலில் பேட்டரியைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்கிறாரா, புது கேபிளை அதன் மேல் எழுதியுள்ளபடி நடுவில் நிறுத்தி மாட்டுகிறாரா என்று பாருங்கள். நடுவில் இல்லாமல் மாட்டினால் முதல் முழு ஒடிப்பிலேயே மறுபடி அறுந்துவிடும். முன்பு வேலை செய்த பட்டறையிலேயே கொடுப்பதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

டபிள்யூ.டி. 40 அடித்தால் ‘டொக்’ நின்றுவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடித்துக்கொண்டே இருந்தால் போதாதா?
– அல்சூர் வாசகர்

முதலில் இரண்டு வாரம், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் தினமும் அடிப்பீர்கள். அது உள்ளே இருக்கும் மிச்ச கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். சத்தம் இல்லாததால் ஆட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அந்த டப்பாவை வீட்டு கேட் கீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அல்சூர்தானே, சனிக்கிழமை காலை கூட்டம் சேர்வதற்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வாருங்கள். ஏரிப் பக்கம் ஹம்ப்பில் மட்டும் மெதுவாக.